மூலைமட்டமும் மணிக்கூட்டுக் கோபுரமும்
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: காலஞ்சென்ற எங்கள் அப்பப்பா மலாயாவில் றெயில்வேயில் வேலை பார்த்தவர். அவருடைய பெட்டியைத் துப்புரவாக்கியபோது, இளநீலக் கரை வைத்து மூன்று பூமுடிச்சுகள் தைத்த வெள்ளைத் தோல் ஏப்பிரன் ஒன்றும், மூலைமட்டமும் கவராயமும் பொறித்த பதக்கம் ஒன்றும், ஒரு லொட்ஜின் பெயரும் இலக்கமும் அச்சிட்ட கடிதம் ஒன்றும் கிடைத்தன. இவை எதைக் குறிக்கின்றன? லொட்ஜுகளுக்கு எவ்வாறு பெயர் வைத்தார்கள்? யாழ்ப்பாண மணிக்கூட்டுக் கோபுரமும் இவர்கள் கட்டியதே என்று ஒருவர் சொன்னார், அது உண்மையா?
– வாசகர், நல்லூர்

பதில்: உங்கள் அப்பப்பா பிறீமேசன் சங்கத்தில், அதாவது கட்டடக் கருவிகளை அடையாளமாகக் கொண்ட ஆண்களின் சகோதரத்துவச் சங்கத்தில், இருந்திருக்கிறார். வீடு கட்டுபவரை நாம் இன்றைக்கும் மேசன் என்றுதான் அழைக்கின்றோம். இச்சங்கத்தின் பெயரும் அதே சொல்லிலிருந்து வந்தது. சுவர் நேராக எழும்ப மேசன்மார் கையாளும் மூலைமட்டம், நீர்மட்டம், தூக்குக்குண்டு ஆகியவற்றையே இவர்கள் நல்லொழுக்கத்தின் அடையாளங்களாகக் கொண்டார்கள். லொட்ஜின் தலைவர் மூலைமட்டத்தையும், அவருக்கு அடுத்த இருவரில் மூத்தவர் நீர்மட்டத்தையும், இளையவர் தூக்குக்குண்டையும் கழுத்துப் பட்டியில் அணிவார்கள். ஏப்பிரனும் கல் கொத்துவோர் இடுப்பில் கட்டிய தோலின் நினைவே. ஆங்கிலேய முறையில் புதிதாகச் சேர்ந்தவருக்கு வெறும் வெள்ளைத் தோலும், இரண்டாம் படிநிலையில் இரு பூமுடிச்சுகளும், மூன்றாம் படிநிலையில் நீலக் கரையுடன் மூன்று பூமுடிச்சுகளும் உண்டு. ஆகவே, உங்கள் அப்பப்பா அம்மூன்று படிநிலைகளையும் கடந்தவர். அந்த ஏப்பிரனை அருள்கூர்ந்து தண்ணீரில் கழுவ வேண்டாம். தோல் விறைத்து வெடித்துவிடும்.

லொட்ஜ் என்றால் நம்மவர் மனத்தில் தங்குமிடமே தோன்றும். பழைய காலத்தில் கல் கொத்துவோர் வேலைத்தளத்தின் அருகே போட்டுக்கொண்ட கொட்டிலின் பெயர் அது. பின்னர் அங்கே கூடிய உறுப்பினர் குழுவுக்கே பெயராயிற்று. 1717ஆம் ஆண்டு ஜூன் 24இல் லண்டனில் நான்கு லொட்ஜுகள் ஒன்றுசேர்ந்து, லொட்ஜுகளுக்குத் தலைமையான ‘பெரிய லொட்ஜை’ அமைத்தபோது, அவற்றுக்குத் தனிப் பெயர் எதுவும் இருக்கவில்லை. வாத்தும் இரும்புச் சட்டமும், கிரீடம், அப்பிள் மரம், மதுக்கிண்ணமும் திராட்சையும் என, தாம் கூடிய மதுச்சாலைகளின் பெயர்ப்பலகைகளாலேயே அவை அறியப்பட்டன. நற்பண்புகள், ஊர்கள், மலைகள், அரச குடும்பத்தவர் என்பவற்றின் பெயர்களைச் சூட்டும் வழக்கம் பிறகே பரவியது. இலங்கையில் ஒல்லாந்தர் காலத்திலேயே, 18ஆம் நூற்றாண்டில், லொட்ஜுகள் இருந்துள்ளன. ஆங்கிலேயர் காலத்திலோ இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்கொட்லாந்து ஆகிய மூன்றின் பெரிய லொட்ஜுகளும் இங்கே தத்தம் கிளைகளை வைத்திருந்தன. கொழும்பில் உள்ள, ‘ஆலயம்’ என்று அவர்கள் அழைக்கும் கூட்டக் கூடம் விக்டோரியா மகாராணியின் பெயரைத் தாங்கியது; பெண்களைச் சேர்த்துக்கொள்ளாத ஒரு சங்கம் தன் கூடத்துக்கு ஒரு பெண்ணின் பெயரைச் சூட்டியது என்பது கவனிக்கத்தக்கது.

அரச பெயர்களைக் கண்டதும் ஆளை முடிவுசெய்துவிடக் கூடாது என்பதை வற்புறுத்திச் சொல்ல விரும்புகின்றேன். 'வேல்ஸ் இளவரசர்' என்பது ஒருவருடைய பெயரன்று. தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் பட்டம். லண்டனில் 259ஆம் இலக்கம் கொண்ட வேல்ஸ் இளவரசர் லொட்ஜ் 1787இல் தோன்றியது. அந்த இளவரசர் பின்னர் நான்காம் ஜோர்ஜ் மன்னரானவர். அதற்கு முந்திய ஆண்டில் ஆங்கிலேயர் பினாங்கைக் கைக்கொண்டபோது அத்தீவுக்கும் அவருடைய பட்டத்தையே சூட்டினார்கள். எனவே, மலாயாவில் அப்படியொரு பெயரைக் கண்டால், அது ஆளைக் குறித்ததா, தீவைக் குறித்ததா என்பதையும் பார்க்கவேண்டும். இங்கே இலக்கமே உதவும். இங்கிலாந்துப் பட்டியலில் கடைசியாக 1863இல் இலக்கங்கள் ஒட்டுமொத்தமாக மாற்றி அடுக்கப்பட்டன. அதன்பின் இலக்கம் கூடக் கூட லொட்ஜின் வயது குறைவு. உங்களிடமுள்ள கடிதத்தில் இலக்கத்தையும், அது எந்த நாட்டுப் பெரிய லொட்ஜைச் சேர்ந்தது என்பதையும் முதலில் பாருங்கள்.

இனி மணிக்கூட்டுக் கோபுரம். அது பிறீமேசன் கட்டடம் அன்று. வேல்ஸ் இளவரசர் அல்பர்ட் எட்வேர்ட் 1875 டிசம்பரில் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுப்பப்பட்டு, 1882இல் நிறைவுற்றது. கொழும்பு அரும்பொருட்காட்சியகத்தை வடிவமைத்த சிமிதரே இதற்கும் வரைபடம் தந்தவர். ஆனால், உங்களுக்குச் சொன்னவர் முற்றாகப் பிழைவிட்டார் என்றும் கூறமாட்டேன். இதே இளவரசர் அதே ஆண்டு ஏப்ரலில், லண்டன் றோயல் அல்பர்ட் மண்டபத்தில், இங்கிலாந்தின் பிறீமேசன்களுக்குப் பெருந்தலைவராகப் பதவியேற்றிருந்தார். 1901இல் ஏழாம் எட்வேர்ட் மன்னராகும்வரை அப்பதவியில் இருந்தார். கோபுரம் நினைவுகூர்வது முடிக்குரிய இளவரசரையே. நூலகப் பக்கம் போகும்போது அண்ணாந்து பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டைச் சரியாகச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று மனதார விரும்புகின்றேன்.

கேள்வி: கத்தோலிக்கர் இச்சங்கத்தில் சேரலாமா?
– வாசகர், குருநகர்

பதில்: திருச்சபை அனுமதிப்பதில்லை. பாப்பரசர் பன்னிரண்டாம் கிளமென்ட் 1738இல் விதித்த தடை, 1983 நவம்பரில் வத்திக்கானால் மீண்டும் உறுதிசெய்யப்பட்டது. சங்கமோ எந்த மதத்தவரையும் ஏற்கும். இறைநம்பிக்கை இருந்தால் போதும், கூட்டத்தில் சமயமும் அரசியலும் விவாதிக்கக் கூடாது என்பது அதன் விதி. இவ்விரண்டுக்கும் இடையில் நின்று முடிவெடுத்த ஒருவரைச் சொல்லலாம். அல்பர்ட் எட்வேர்டுக்கு முன் பெருந்தலைவராக இருந்த ரிப்பன் பிரபு, 1874இல் கத்தோலிக்கரானபோது அப்பதவியைத் துறந்தார். பிரித்தானியப் பத்திரிகைகள் அவரைக் கடுமையாகத் தாக்கியும் அவர் பின்வாங்கவில்லை. ஆறு ஆண்டுகளில் இந்தியாவின் வைசிராய் ஆனார். உள்ளூராட்சிக்கு அங்கே வழிதிறந்தார். 1913 முதல் சென்னை மாநகராட்சி இயங்கிவரும் வெள்ளை நிற ரிப்பன் கட்டடம் அவருடைய பெயரைத் தாங்கியதே.