வாசகர் கேள்வி–பதில்: கேனோவும் ஆற்று உரிமையும்

கேள்வி: ஓடுகிற ஆறு எல்லோருக்கும் பொதுதானே? கேனோவில் (துடுப்புப் போட்டுச் செலுத்தும் சிறு படகு) போக எதற்கு அனுமதி?

பதில்: தண்ணீர், அதன் அடியில் உள்ள படுகை, இருபுறக் கரை ஆகிய மூன்றுக்கும் சட்டத்தில் தனித்தனிக் கணக்கு. தண்ணீர் பொதுவாக இருந்தாலும் படுகையும் கரையும் தனியாருக்குச் சொந்தமாக இருக்கலாம். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்பாக நடந்துகொள்ளும் வரை, மோட்டார் இல்லாப் படகுகளுக்கு ஆறுகளையும் ஏரிகளையும் திறந்துவிட்டது. பக்கத்திலேயே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கதை வேறு. கடல் ஓதம் ஏறி இறங்கும் பகுதி வரை பொதுவாகச் சிக்கல் இல்லை. அதற்கு மேலே ஆற்றுக்கு ஆறு நிலைமை மாறும், வழக்காடுபவர்களும் உண்டு. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. மான்டானாவில் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வழக்கமான உயர்நீர் மட்டத்துக்குள் ஆற்றைப் பொதுமக்கள் பயன்படுத்தலாம். கொலராடோவிலோ, தனியார் நிலத்தின் மேல் ஓடும் சிற்றாறுகளில் மிதந்து செல்லும் உரிமை பொதுமக்களுக்கு இல்லை என்று 1979-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நடைமுறையில் நடு ஆற்றில் சண்டை வருவது அரிது. படகை இறக்கும் இடம், கரையேறும் இடம், தடுப்பணையைச் சுற்றிப் படகைச் சுமந்து செல்லும் பாதை, இந்த மூன்றில்தான் வரும். அனுமதி கேட்கும்போது மூன்றையும் வரைபடத்தில் குறித்துக் காட்டிக் கேளுங்கள். “ஆற்றில் போகலாமா?” என்று மொட்டையாகக் கேட்டால் “கூடாது” என்பதுதான் எளிதாக வரும் பதில்.

கேள்வி: தண்ணீர் குறைந்து படகு தரை தட்டினால், இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாமா?

பதில்: சரளைப் படுகை என்றால் வேண்டாம். சால்மன், ட்ரவுட் மீன்கள் வாலால் சரளையைக் கிளறிக் குழி பறித்து முட்டையிட்டு, மேலே மறுபடி சரளையை மூடிவிடும். வட அரைக்கோளத்தில் இது பெரும்பாலும் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் நடக்கும். குஞ்சுகள் வெளிவர வசந்தம் ஆகிவிடும். அதுவரை அங்கே மிதித்தால் முட்டை நசுங்கும். கரையை உரசி மண்ணைச் சரித்தாலும் கேடுதான்: வண்டல் சரளை இடுக்குகளை அடைத்து, முட்டைக்குப் பிராணவாயு போகாமல் செய்துவிடும். சுற்றிலும் பாசி படிந்த கற்கள் இருக்க, ஓர் இடம் மட்டும் கழுவிவிட்டாற்போல வெளிறித் தெரிந்தால் அது முட்டைக் குழியாக இருக்கலாம்.

கிளம்பும் முன் ஒரு சோதனை: துடுப்பின் அலகு (அகன்ற முனை) முழுவதும் தரையில் படாமல் மூழ்க வேண்டும். மூழ்கவில்லையா, அன்று அந்த ஆறு வேண்டாம். பாதி வழியில் தட்டிவிட்டால் முன்னோக்கித் தள்ளாமல், வந்த வழியே ஆழத்துக்குப் பின்வாங்குங்கள்.

கேள்வி: படகுக்கு முன்னால் பறவைகள் பறந்து பறந்து போய் உட்காருகின்றன. துன்புறுத்துகிறோமா?

பதில்: ஆமாம், விரட்டிக்கொண்டு போகிறீர்கள். துடுப்பை நிறுத்தி எதிர்க்கரை ஓரமாக ஒதுங்குங்கள். அவை திரும்பிப் பறக்க வழி கிடைக்கும். கூடு கட்டும் பருவத்தில் நாணல் புதருக்குள் படகை நுழைக்கவே கூடாது.

கேள்வி: ஒரே வாரத்தில் இரண்டு ஏரிகளுக்குப் போகிறோம். இடையில் படகைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதாதா?

பதில்: போதாது. ஓர் ஏரியின் வேண்டாத உயிர்கள் படகில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஏரிக்குப் பரவிவிடும். ஸீப்ரா மட்டியின் இளம் பருவம் கண்ணுக்கே தெரியாது. டிடிமோ என்ற பாசி ஒரு சொட்டு நீரில் பயணம் போகும். 2004-இல் நியூசிலாந்தின் தெற்குத் தீவில் அது கண்டுபிடிக்கப்பட்டது. ஆகாயத்தாமரையோ ஒரு சிறு துண்டு ஒட்டிக்கொண்டு வந்தாலே தழைத்துவிடும்.

முதல் ஏரியின் கரையிலேயே படகைக் கவிழ்த்துத் தண்ணீரை வடியுங்கள். இருக்கைக்கு அடியில், கால் வைக்கும் கட்டையின் இடுக்கில், காற்றுப்பைகளுக்குப் பின்னால், கயிற்றுப் பைக்குள், ஷூ லேஸில் என்று எல்லா இடத்திலும் சேற்றையும் செடித் துணுக்குகளையும் எடுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் திரவம் 500 மில்லி எடுத்து, அதில் தண்ணீர் சேர்த்து 10 லிட்டர் ஆக்கி, எல்லாப் பரப்பும் 10 நிமிடம் ஈரமாக இருக்கும்படி பூசுங்கள். நியோபிரீன் (ரப்பர் போன்ற பொருள்) உடைகளை 45 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 15 நிமிடம் ஊற வைக்கலாம். கைச்சூட்டை நம்பாமல் வெப்பமானி வைத்துப் பாருங்கள்.

பலரும் கோட்டை விடுவது உலர்த்துவதில். எல்லாம் 48 மணி நேரம் உலர்ந்தபடியே இருக்க வேண்டும்; தொட்டால் ஈரம் தெரியாத நிலைக்கு வந்த பிறகுதான் அந்தக் கணக்கு தொடங்குகிறது. லைஃப் ஜாக்கெட்டின் உள்மடிப்பு காயவே ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். அவ்வளவு அவகாசம் இல்லையென்றால், இரண்டாவது ஏரிக்கு அங்கேயே உள்ள படகையும் ஜாக்கெட்டையும் வாடகைக்கு எடுங்கள். கழுவிய நீர் வடிகால் வழியே ஆற்றுக்குள் போகாமல் புல்தரையில் வடியட்டும்.

கேள்வி: கரையில் முகாமிட்டால் கழிப்பறைக்கு என்ன செய்வது?

பதில்: தண்ணீரிலிருந்து 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி மூடுங்கள். காகிதத்தைப் பையில் திரும்ப எடுத்து வாருங்கள். மண்ணே இல்லாத பாறைப் பள்ளத்தாக்குகளில் மலத்தையும் மூடியுள்ள கலத்தில் எடுத்து வரத்தான் வேண்டும். குளிக்கும் சோப்புக்கும் இதே 60 மீட்டர். ‘மக்கும் சோப்பு’ என்று உறையில் போட்டிருந்தாலும்.