பாரிஸ் போக 3 லட்சம் லோன் போடலாமா? வாசகி கேள்விக்கு பதில்

கேள்வி: வணக்கம் சார். நாங்க கரூர். நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போறோம், ரெண்டு பேர் சம்பளமும் சேர்த்து கைக்கு 1,18,000 வருது. வீட்டு லோன் இஎம்ஐ 31,000, வீட்டுச் செலவு 42,000, பாப்பா ஸ்கூல் 8,000, மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி 12,000, இன்சூரன்ஸ் 4,000, மாமியாருக்கு மாசம் 6,000. எஃப்டில 2,50,000 இருக்கு, நகை 15 பவுன். அடுத்த செப்டம்பர்ல கல்யாணமாகி பத்து வருஷம், ரெண்டு பேர் மட்டும் பாரிஸ் போகணும்னு ரொம்ப நாள் ஆசை, பாப்பாவை அம்மா பார்த்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. டூர் ஏஜென்ட் 5 ராத்திரிக்கு ரெண்டு பேருக்கும் 3,35,000 சொல்றார். செப்டம்பர் கடைசின்னா சீசன் முடிஞ்சிரும், ரேட் கம்மின்னு சொல்றாங்க, அக்டோபர் 2 லீவும் சேரும். பேங்க்ல 13.5 சதவீதத்துக்கு 3 லட்சம் பர்சனல் லோன் தர்றாங்க. லோன் போடலாமா, எஃப்டிய உடைக்கலாமா, இல்ல நகைய வைக்கலாமா? ஜாக்கெட், பூட்ஸ்க்குன்னு தனியா 25,000 ஒதுக்கியிருக்கோம்.

பதில்: வணக்கம்மா. முதல்ல ஒண்ணு, போயிட்டு வாங்க. பத்து வருஷம் இஎம்ஐ, ஸ்கூல் ஃபீஸ், பெரியவங்க செலவுன்னு எல்லாத்தையும் ஒழுங்கா இழுத்துட்டு வந்திருக்கீங்க, உங்க கணக்குலயே அது தெரியுது. ஊர் சுத்தறது வீண் செலவுன்னு சொல்ற ஆள் நான் இல்ல. ஆனா நீங்க சொன்ன மூணு வழியும் வேண்டாம், நீங்க யோசிச்சிருக்கற அந்த தேதியும் வேண்டாம். இந்த ரெண்டையும் மாத்தினா கடன் இல்லாமலே போகலாம், உங்க கிட்ட இன்னும் பத்து மாசம் இருக்கு.

லோன் கணக்கைப் பார்ப்போம். 3 லட்சம், 13.5 சதவீதம், 3 வருஷம்னா இஎம்ஐ சுமார் 10,180 வரும். மொத்தமா கட்டறது 3,66,500 பக்கம். ப்ராசஸிங் ஃபீஸ் 2 சதவீதம், அதுக்கு மேல ஜிஎஸ்டின்னு 7,000 போட்டா கூடுதல் செலவு மட்டுமே 73,000க்கு மேல. அது கிட்டத்தட்ட ஒரு ஆளோட ஃப்ளைட் டிக்கெட்டும் விசாவும் சேர்ந்த காசு, பாரிஸ் போயிட்டு வந்தும் கிட்டத்தட்ட மூணு வருஷம் கட்டிட்டு இருப்பீங்க. எஃப்டி உங்க அவசரப் பணம், மாசம் 1,03,000 வெளிய போற வீட்டுக்கு 2,50,000ங்கறது ரெண்டரை மாசத்துக்குக் கூட வராது, அதைத் தொடவே கூடாது. நகைக்கடன்ல வட்டி பர்சனல் லோனை விட கம்மிதான், ஆனா திருப்பறதுக்குன்னு மாசம் எவ்வளவு எடுத்து வைப்பீங்கன்னு உங்க கணக்குல இல்ல, அப்படி வைக்கலைன்னா வருஷா வருஷம் வட்டிய மட்டும் கட்டி மறு அடகு வைக்கறதுலதான் போய் முடியும்.

இதுல யாரும் யோசிக்காத இன்னொரு விஷயம் விசா. ஃபிரான்ஸ் விசாவுக்கு கடைசி மாசங்களோட பேங்க் ஸ்டேட்மென்ட் கேப்பாங்க. அப்ளை பண்றதுக்கு பதினைஞ்சு நாள் முன்னாடி திடீர்னு 3 லட்சம் வந்து விழுந்திருந்தா, ஃபைலைப் பார்க்கறவருக்கு இது இவங்க காசு இல்லன்னு தெரிஞ்சிரும், அது உங்களுக்கு எதிராத்தான் போகும். மாசா மாசம் சம்பளம் வந்து, அதுல கொஞ்சம் நின்னு, மெதுவா பேலன்ஸ் ஏறின அக்கவுண்ட்தான் நல்ல அக்கவுண்ட். விசாவுக்காகவும் சேர்த்துத்தான் சேமிக்கச் சொல்றேன்.

இப்ப தேதி. செப்டம்பர்னா சீசன் முடிஞ்சிரும்ங்கறது ஃப்ளைட்டுக்கு ஓரளவு சரி, பாரிஸ் ஓட்டலுக்கு சரியில்ல. அந்த ஊர்க்காரங்க ஆகஸ்ட்லதான் லீவு போட்டுட்டு வெளிய போவாங்க, செப்டம்பர்ல ஸ்கூல், ஆஃபீஸ், வர்த்தகக் கண்காட்சி எல்லாம் ஒண்ணா ஆரம்பிக்கும், அதனால ரூம் ரேட் ஆகஸ்டை விட ஏறித்தான் இருக்கும். அதுலயும் நீங்க சொல்ற செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம்ங்கறது பாரிஸ் ஃபேஷன் வீக் நடக்கற நேரம், உலகத்துல இருக்கற ஃபேஷன் கம்பெனி, பத்திரிகை, வியாபாரிங்க எல்லாரும் அங்கதான் இருப்பாங்க. ஒரு நாள் லீவு மிச்சம் பண்ணப் போய் அஞ்சு ராத்திரிக்கும் கூட வாடகை கொடுப்பீங்க. ரெண்டு வாரம் முன்னாடி தள்ளுங்க.

செப்டம்பர் மூணாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலைல இறங்கி ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கிளம்பற மாதிரி போடுங்க, ஏன்னு சொல்றேன். அந்த மூணாவது சனி ஞாயிறுல ஃபிரான்ஸ் முழுக்க பாரம்பரிய தினம் கொண்டாடுவாங்க, மத்த நாள்ல பொது ஜனம் சாதாரணமா உள்ள போக முடியாத அரசுக் கட்டடங்க, செனட் இருக்கற லக்ஸம்பர்க் அரண்மனை, பாரிஸ் நகராட்சி மாளிகைன்னு பல இடம் இலவசமா திறந்து விடுவாங்க. க்யூ நீளமா இருக்கும், சீக்கிரம் போயிரணும். ரெண்டாவது காரணம், போறப்ப சனி ஞாயிறு இல்லாம பறந்தா டிக்கெட் பெரும்பாலும் கம்மி. மூணாவது, நவிகோன்னு ஒரு வாராந்திர பாஸ், சுமார் 32 யூரோ, மெட்ரோ, பஸ், புறநகர் ரயில், ஏர்போர்ட் ரயில் வரைக்கும் எல்லாம் அதுல அடக்கம். ஆனா அது வாங்கின நாள்ல இருந்து ஏழு நாள் கிடையாது, திங்கள்ல ஆரம்பிச்சு ஞாயிறு ராத்திரி முடிஞ்சிரும். வியாழக்கிழமை இறங்கினவங்க இதை வாங்கினா நாலே நாள்தான் ஓடும். ஏர்போர்ட்ல இருந்து ஊருக்குள்ள வர தனி டிக்கெட்டே ஒரு ஆளுக்கு ஒரு வழிக்கு 13, 14 யூரோ ஆகுது, போக வர அதுலயே பாஸ் காசு பெரும்பகுதி தேறிடும். கார்டுக்கு தனியா 5 யூரோ, பாஸ்போர்ட் சைஸை விட சின்னதா ஒரு போட்டோ ஒட்டணும், ஊர்லயே எடுத்துட்டுப் போயிருங்க.

செலவைப் போடுவோம். யூரோ 105 ரூபான்னு வச்சுக்குவோம். சென்னைல இருந்து வளைகுடா வழியா போயிட்டு வர ஒரு ஆளுக்கு 58,000னு வச்சா ரெண்டு பேருக்கு 1,16,000. விசா ஃபீஸ் பெரியவங்களுக்கு 90 யூரோ, விசா அப்ளிகேஷன் வாங்கற விஎஃப்எஸ் கம்பெனியோட சர்வீஸ் சார்ஜும் சேர்த்து ரெண்டு பேருக்கு 24,000. டிராவல் இன்சூரன்ஸ் 2,500, அதுல மருத்துவ கவரேஜ் 30,000 யூரோ கண்டிப்பா இருக்கணும், இல்லன்னா ஃபைலை ஏத்துக்க மாட்டாங்க. ரூம் ராத்திரிக்கு 130 யூரோன்னு 5 ராத்திரிக்கு 650, அதோட நகர வரி தனி. 3 ஸ்டார்ல ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 5 யூரோவுக்கு மேல வரும், அஞ்சு ராத்திரிக்கு ரெண்டு பேருக்கும் 55 யூரோ எடுத்து வைங்க, பல சைட்ல புக் பண்றப்ப இது காட்டாது, ஓட்டல் கவுண்டர்ல கேப்பாங்க. சாப்பாடு ஒரு நாளைக்கு ரெண்டு பேருக்கும் 50 யூரோன்னு ஆறு நாளைக்கு 300. பாஸ் 75, நுழைவுச் சீட்டுங்க 200. ஆக 1,280 யூரோ, 1,34,400 ரூபா. எல்லாம் கூட்டினா 2,76,900. யூரோ ஏறினா, ஏதாவது எக்ஸ்ட்ரா வந்தான்னு கொஞ்சம் சேர்த்து 3 லட்சம்.

ஏஜென்ட் சொன்ன 3,35,000ல என்ன இல்லன்னு அந்த பேப்பரோட கடைசிப் பக்கத்தைப் பாருங்க. பெரும்பாலும் விசா, மத்தியானச் சாப்பாடு, நகர வரி, டிப்ஸ் எல்லாம் வெளியதான் இருக்கும். அதுக்கு மேல டூர் பேக்கேஜ்னா டிசிஎஸ்னு ஒரு வரியை ஏஜென்ட் முன்கூட்டியே பிடிச்சே ஆகணும், அது வருமான வரி ரிட்டர்ன் போடறப்ப திரும்ப வரும், ஆனா அது வரைக்கும் உங்க காசு முடங்கிக் கிடக்கும். நீங்களே தனித்தனியா புக் பண்ணி, செலவுக்கு ஃபாரெக்ஸ் கார்டுல (வெளிநாட்டுப் பணம் முன்கூட்டியே ஏத்தி வைக்கற கார்டு) ஏத்தினா வருஷத்துக்கு 10 லட்சம் வரைக்கும் டிசிஎஸ் கிடையாது. இங்கிலீஷ்ல ஒரு ஃபார்ம் நிரப்பத் தெரிஞ்ச யாருக்கும் பாரிஸ் ஒரு கஷ்டமான ஊர் இல்ல, பயப்படாதீங்க.

ஜாக்கெட், பூட்ஸுக்கு ஒதுக்கின 25,000ஐ அப்படியே வீட்டு அவசரப் பணத்துல போடுங்க. செப்டம்பர் நடுவுல பாரிஸ்ல பகல்ல 20, 21 டிகிரி, விடியக்காலைல 12 பக்கம், கிட்டத்தட்ட நம்ம ஊட்டி மாதிரி. ஒரு ஸ்வெட்டர், மழைக்கு ஒரு மெல்லிசான கோட், நல்லா நடந்து பழகின பழைய ஷூ போதும். புது ஷூ போட்டுட்டு போய் ரெண்டாவது நாளே கால் கொப்பளிச்சு டாக்ஸிக்கு யூரோ கொடுக்கறவங்க நிறைய.

நுழைவுச் சீட்டுல யோசிச்சு செலவு பண்ணுங்க. லூவ்ருக்கு 2026 ஜனவரில இருந்து ஐரோப்பாவுக்கு வெளிய இருந்து வர்றவங்களுக்கு 32 யூரோ ஆக்கிட்டாங்க, ரெண்டு பேருக்கு 64, செவ்வாய்க்கிழமை லீவு. நான் இதை குறைக்கச் சொல்ல மாட்டேன், அவ்வளவு தூரம் போயிட்டு அதை விடக்கூடாது, ஒரு முழு நாள் அதுக்கே வைங்க. ஆனா மத்த நாள்ல பெட்டி பலே, கார்னவாலே மாதிரி நகராட்சி மியூசியங்க நிரந்தரக் காட்சிக்கு காசே வாங்கறதில்ல, தீ விபத்துக்கப்புறம் 2024 டிசம்பர்ல மறுபடி திறந்த நோத்ர் டாம் சர்ச்சும் இலவசம். ஈஃபிள் டவர் டிக்கெட்டை அதோட சொந்த சைட்லயே எடுங்க, நடுவுல இருக்கற ஆளுங்க சைட்ல அதே டிக்கெட் ரொம்ப கூட.

சாப்பாட்டுக்கு 50 யூரோ பத்துமான்னு கேப்பீங்க. டூரிஸ்ட் தெருவுல உட்கார்ந்தா ஒரு வேளைக்கே போயிரும். காலைல பேக்கரில குவாஸோன், காபி. ரெஸ்டாரன்ட்ல தண்ணி பாட்டில் கேக்காம குழாய்த் தண்ணி ஜாடி கேளுங்க, அது இலவசம், பில்லுலயே சர்வீஸ் அடக்கம், டிப்ஸ் கட்டாயம் இல்ல. சாயங்காலம் கார் து நோர் ஸ்டேஷன்ல இறங்கி வடக்கால லா ஷாப்பெல் பக்கம் நடங்க. 80கள்ல இருந்து வந்து குடியேறின ஈழத் தமிழர்கள் கடைங்க அங்க வரிசையா இருக்கு, தமிழ் போர்டு, வாசல்ல பெட்டி பெட்டியா முருங்கைக்காய், கத்தரிக்காய், உள்ள தகட்டுல கொத்து ரொட்டி கொத்தற சத்தம். தோசை, கொத்து, ரோல்ஸ்னு ரெண்டு பேர் 20 யூரோவுக்குள்ள வயிறார சாப்பிடலாம். ஊர்ச் சாப்பாடு தேடற நாள்ல பட்ஜெட்டும் தேறும்.

காசை மாத்தற விஷயம். சாதாரண கிரெடிட் கார்டுல வெளிநாட்டுல தேய்ச்சா பல பேங்க் பணம் மாத்தறதுக்குன்னு 3.5 சதவீதம் மார்க்கப், அதுக்கு மேல ஜிஎஸ்டி போடும், 600 யூரோவுக்கு 2,600 ரூபா சும்மா போகும். மார்க்கப் இல்லாத கார்டோ ஃபாரெக்ஸ் கார்டோ எடுங்க, மே மாசத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா யூரோ ஏத்துங்க, ஒரே நாள் ரேட்ல மாட்டிக்க மாட்டீங்க. கடைல மெஷின் ரூபாயா யூரோவான்னு கேட்டா எப்பவும் யூரோவையே அமுக்குங்க, ரூபாய் அமுக்கினா அவங்க சொல்றதுதான் ரேட். ஒரே கடைல 100 யூரோவுக்கு மேல வாங்கினா வரி ரீஃபண்ட் ஃபார்ம் கேளுங்க, ஏர்போர்ட்ல பெட்டியை செக்கின்ல போடறதுக்கு முன்னாடி அங்க இருக்கற மெஷின்ல ஸ்கேன் பண்ணணும், கையில வர்றது 12 சதவீதம் பக்கம். அதுக்காகன்னு 100 யூரோவுக்கு எதையாவது வாங்காதீங்க.

சரி, 3 லட்சம் எங்க இருந்து வரும். உங்க கணக்குப்படி மாசம் 15,000 மிச்சம் நிக்கணும், நிக்கலைன்னா எங்க போகுதுன்னு இந்த மாசமே எழுதிப் பாருங்க. எஸ்ஐபிய நிறுத்தாம பத்து மாசத்துக்கு மட்டும் 12,000ஐ 6,000 ஆக்குங்க. இதுக்கும் ஒரு விலை இருக்கு, மறைக்க மாட்டேன். அந்த 60,000 பதினைஞ்சு வருஷம் 11 சதவீதத்துல வளர்ந்திருந்தா 2,85,000 பக்கம் வந்திருக்கும். அது உங்க பயணத்துக்கு நீங்க கொடுக்கற உண்மையான விலை, தெரிஞ்சே கொடுங்க. இப்ப மாசம் 21,000 ஆச்சு. இந்த மாசமே ரெண்டு ஆர்டி போடுங்க, ஒண்ணு 12,000 ஆறு மாசத்துக்கு, இன்னொண்ணு 9,000 பத்து மாசத்துக்கு. முதல் ஆர்டி முடிஞ்சதும் அந்த 12,000 நேரா ஃபாரெக்ஸ் கார்டுக்கும் சேவிங்ஸுக்கும் போகட்டும். பத்து மாசத்துல 2,10,000. வீட்டுக்காரருக்கு ஏப்ரல்ல போனஸ் வருதான்னு நீங்க எழுதலை, வந்தா அதுல 90,000 இதுக்கு. வராதுன்னா 5 ராத்திரிய 4 ஆக்குங்க, அப்பவும் பத்தலைன்னா பயணத்தை ஒரு வருஷம் தள்ளுங்க, கடனால நிரப்பாதீங்க.

ஜூன்ல விசாவுக்கு போடுங்க. பயணத்துக்கு 6 மாசம் முன்னாடியே போடலாம், முடிவுக்கு பொதுவா 15 நாள், சில சமயம் 45 நாள் வரைக்கும் இழுக்கும், கோடைக்காலத்துல அப்பாயின்ட்மென்ட்டே கிடைக்காம அலைய விடும். ரூமை இலவசமா கேன்சல் பண்ணக்கூடிய மாதிரி புக் பண்ணுங்க, ஃப்ளைட்டுக்கு அப்ளிகேஷன்ல ரிசர்வேஷன் காட்டினா போதும், விசா கைக்கு வந்தப்புறம் காசு கட்டுங்க, ஏன்னா ரிஜெக்ட் ஆனா விசா ஃபீஸ் திரும்ப வராது, அதோட டிக்கெட்டும் போகக் கூடாது. ஜூன் 30 அன்னைக்கு ரெண்டு பேரும் உட்கார்ந்து ஆர்டி, சேவிங்ஸ், ஃபாரெக்ஸ் கார்டு, அது வரைக்கும் கட்டின விசா ஃபீஸ் எல்லாத்தையும் கூட்டுங்க. 2,50,000 இருந்தா விசா வந்ததும் டிக்கெட் போடுங்க. 2 லட்சத்துக்குக் கீழ இருந்தா அப்பவே ரூமை கேன்சல் பண்ணிட்டு ஆர்டிய மட்டும் நிறுத்தாம தொடருங்க, அடுத்த வருஷமும் இதே மூணாவது வாரம் வரும்.