சுப்ரீம் கோர்ட்டைச் சுற்றிப் பார்க்கலாமா?

கேள்வி: குடும்பத்தோடு டெல்லி போகிறோம். வழக்கு எதுவும் இல்லாத எங்களைச் சும்மா சுப்ரீம் கோர்ட்டுக்குள் விடுவார்களா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: தாராளமாக. சனிக்கிழமைகளில் ஆள் போட்டுச் சுற்றிக் காட்டுகிறார்கள், ஆனால் இரண்டாவது, நான்காவது சனி கிடையாது, அதனால் ரயில் டிக்கெட் எடுக்கும் முன்பே கோர்ட் இணையதளத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்துவிடுங்கள், ஆதார் மாதிரி ஒரு அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். உங்கள் ஊருக்கு பெங்களூரு போய் கர்நாடகா எக்ஸ்பிரஸ் பிடிப்பதுதான் வசதி. டெல்லியில் மெட்ரோ ஸ்டேஷன் பெயரே சுப்ரீம் கோர்ட்தான்.

1958-ல் திலக் மார்க்கில் இருக்கும் இந்தக் கட்டடத்துக்கு வரும்வரை நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்தான் கோர்ட் நடந்தது. தராசு வடிவத்தில் கட்டியது என்பார்கள், வாசலில் நின்று பார்த்தால் சுலபத்தில் பிடிபடாது. நடுப்பகுதியில் இருக்கும் தலைமை நீதிபதியின் ஒன்றாம் எண் அறையைத் தவறவிடாதீர்கள். அருங்காட்சியகமும் உண்டு. அப்புறம், தர்மபுரி கோர்ட் வாசலில் பார்க்கிற கூட்டமும் பரபரப்பும் அன்றைக்கு அங்கே இருக்காது. வாதம் கேட்க ஆசையா? அரசியல் சாசன அமர்வு (ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட நீதிபதிகள் சேர்ந்து உட்காருவது) விசாரணைகளை 2022 முதல் நேரலையில் காட்டுகிறார்கள், வீட்டிலேயே பார்க்கலாம். தூக்கம் வந்தால் என்னைத் திட்டக் கூடாது.