இரண்டாம் தாளில் தொடங்கும் புத்தகம்

அன்புள்ள ஐயா,

நியூ ஜெர்சியில் இருக்கிறேன். பக்கத்து வீட்டு யூதக் குடும்பத்துப் பெண் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். இந்தக் கோடையில் இஸ்ரேலில் இருந்து வந்த மாணவர்கள் சிலர் அவள் வீட்டிலும் தோழிகள் வீடுகளிலும் தங்கினார்கள். எல்லோருமாக மரபில் கறாரான ஆர்த்தடாக்ஸ், நடுவழியான கன்சர்வேட்டிவ், சீர்திருத்தம் பேசும் ரிஃபார்ம் என்று மூன்று பிரிவு ஜெப ஆலயங்களுக்கும் போய்வந்தார்கள். "எங்கள் வீட்டில் செய்வது மட்டும்தான் யூத மதம் என்று நினைத்திருந்தேன்" என்கிறாள். அவள் அப்பா சிரிக்கிறார். இந்த வயதில் பிள்ளைகள் குழம்பிவிட மாட்டார்களா? முதலில் ஒன்றில் ஊன்ற வேண்டாமா? இவர்களில் அசல் யூதர் யார்? என் மகனைத் தேவார வகுப்புக்கு அனுப்புகிறேன், அதனால் கேட்கிறேன்.

க.

அன்புள்ள க.,

அசல் யூதர் யார் என்று அந்த வீட்டு வாசலில் நின்று கேட்டுவைக்காதீர்கள். அது அவர்கள் வீட்டுப் பஞ்சாயத்து, நமக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. எந்தப் பிரிவு எப்போது பிரிந்தது என்பதெல்லாம் தேடினால் கிடைக்கும். ஒன்றை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. 1883ல் சின்சினாட்டியில் ரிஃபார்ம் கல்லூரியின் முதல் ரபிகள், அதாவது யூத மதகுருக்கள், பட்டம் பெற்றதற்கு ஒரு விருந்து. இலையில் வந்தது சிப்பி, நண்டு, இறால், தவளைக்கால்! எல்லாமே யூத மரபில் விலக்கப்பட்ட உணவு. சிலர் எழுந்து போய்விட்டார்கள். மூன்று வருடத்தில், 1886ல், மரபை விட மனமில்லாதவர்கள் நியூயார்க்கில் தனிக் கல்லூரி கண்டார்கள். கன்சர்வேட்டிவ் பிரிவின் கல்லூரி அதுதான். பந்தியில் தொடங்கிய சண்டை நமக்குப் புதிதா என்ன?

உங்கள் கடிதம் வந்த அன்று என் மேசைமேல் யூதர்களின் சட்ட விவாத நூலான தல்மூதின் பக்கம் ஒன்றின் ஒளிநகல் கிடந்தது. ஒரு எழுத்தும் எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பக்கத்தின் அமைப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நடுவில் மிஷ்னா என்ற மூலமும் அதன்மேல் எழுந்த விவாதமும். உள்ஓரத்தில் 11ஆம் நூற்றாண்டு ராஷியின் உரை. வெளிஓரத்தில் அவருடைய பேரன்களும் அவர்கள் வழிவந்தவர்களும் எழுதியது. பல இடங்களில் தாத்தா சொன்னது சரியில்லை என்று பேரன் மறுக்கிறார். இரண்டும் ஒரே தாளில்! 1520களில் வெனிஸில் அச்சான அமைப்பு, இன்றும் அப்படியே. முகப்பை முதல் தாளாக எண்ணிவிட்டதால் புத்தகம் இரண்டாம் தாளில்தான் தொடங்கும்.

ஜெருசலேமில் ஒரு படிப்புக்கூடத்துக்குள் நுழைந்தபோது சந்தைக்குள் வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். அமைதி என்று பலகை மாட்டிய நூலகங்களில் வளர்ந்தவன் நான். அங்கே ஜோடி ஜோடியாக உட்கார்ந்து கத்திப் படிக்கிறார்கள். ஹெவ்ருதா என்பார்கள். பதினேழு வயதுப் பையன் ஒருவன் விரலால் பக்கத்தைக் குத்திக் குத்திப் பேச, எதிரில் இருந்தவன் மேசையைத் தட்டினான். அடிதடி ஆகிவிடும் என்று பயந்தேன். கூட வந்தவர் சொன்னார்: "ஒருவன் மாடு இன்னொருவன் மாட்டை முட்டினால் நஷ்டத்தை யார் தருவது என்று பேசுகிறார்கள்." இருவர் வீட்டிலும் மாடு இருந்திருக்காது.

ஹனுக்கா என்று எட்டு நாள் விளக்குப் பண்டிகை ஒன்று உண்டு. அதற்கு ஷம்மாய் என்ற பழைய ஆசானின் வழியினர் முதல் நாள் எட்டு விளக்கு ஏற்றி ஒவ்வொன்றாகக் குறைக்கச் சொன்னார்கள். எதிர்த்தரப்பு ஆசானான ஹில்லேலின் வழியினர் ஒன்றில் தொடங்கி எட்டுக்குப் போகச் சொன்னார்கள். இன்று எல்லா வீட்டிலும் ஹில்லேல் கணக்குதான். ஆனால் தோற்ற ஷம்மாய் சொன்னதை யாரும் அழிக்கவில்லை, பிள்ளைகள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். ஹில்லேல் தரப்பு ஏன் ஜெயித்தது? எதிராளி சொன்னதை முதலில் சொல்லிவிட்டுத்தான் தங்கள் கருத்தைச் சொன்னார்களாம். தல்மூதே அப்படிச் சொல்கிறது. இவ்வளவு வாதித்தும் இரு தரப்பும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதை நிறுத்தவில்லை என்கிறது மிஷ்னா.

எனக்குப் பத்தாம் வகுப்பில் நடந்ததைக் கேளுங்கள். ஒரு குறளுக்கு மணக்குடவர் சொன்ன பொருளை எழுதிவிட்டேன். சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் பூஜ்யம். "பரிமேலழகர் என்ன சொன்னார்னு மட்டும் எழுதுடா." அந்தப் பரிமேலழகரே பக்கத்துக்குப் பக்கம் 'என்று உரைப்பாரும் உளர்' என்று மற்றவர்களுக்கு இடம் விட்டிருக்கிறார்! அந்த வரிகளை விட்டுவிட்டுத்தான் நமக்குப் பாடம் நடத்தினார்கள். ஒன்றில் ஊன்றுவது என்று நீங்கள் சொல்வது இதைத்தானோ என்று எனக்குச் சந்தேகம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அங்கே எல்லாம் சமரசம் என்று எழுதவில்லை. இஸ்ரேலில் மதம் சாராத வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பள்ளி, மதப்பற்றுள்ள வீட்டுப் பிள்ளைக்கு வேறு பள்ளி, ஹரேதிகள் என்ற மிகக் கடுமையான மரபுவாதிகளுக்குத் தனிப் பள்ளி. நாட்டுக்குள் யூதத் திருமணம் ஆர்த்தடாக்ஸ் ரபி நடத்தினால்தான் சட்டப்படி செல்லும். வந்த பிள்ளைகளில் பலருக்கு ரபி இருக்கையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்ததே அதிசயமாக இருந்திருக்கும். அமெரிக்காவில் ரிஃபார்ம் பிரிவு 1972லேயே பெண்ணை ரபியாக்கிவிட்டது.

சரி, உங்கள் மகன். தேவார வகுப்புக்கு அனுப்புங்கள், அதில் என்ன கெட்டுவிடப் போகிறது. கூட ஒரு பையனை உட்கார வையுங்கள், இரண்டு பேரும் கத்தட்டும். குழப்பம் வரும்தான்.

கடிதத்தில் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். மூன்று இடங்களுக்கும் போன அந்தப் பெண் அடுத்த சனிக்கிழமை எங்கே போனாள்? அப்பாவோடா, தனியாகவா? கேட்டு எழுதுங்கள்.