முட்டையிடும் ஆமையின் கண்ணீர் வலியால் வருவதன்று

பெசன்ட் நகர்க் கடற்கரையில் முட்டையிட்ட பங்குனி ஆமை என்னும் கடலாமையைப் படமெடுத்தபோது, அதன் கண்களில் நீர் வடிவதைக் கண்டு, வலியால் அழுகிறதா என்று கேட்டிருந்தீர்கள். அந்நீர் வலியின் அடையாளம் அன்று. உடலில் மிகுந்த உப்பே அவ்வாறு வெளியேறுகிறது.

ஊர்வனவற்றின் சிறுநீரகத்தால் குருதியைவிட உப்பு மிகுந்த சிறுநீரை உருவாக்க இயலாது என்பதால், உணவோடும் நீரோடும் உட்செல்லும் உப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பிகள் பிரித்தெடுத்து, கடல்நீரைவிடச் செறிவான நீராக வடிக்கின்றன. கடலுக்குள்ளும் இதுவே நடக்கிறது. அங்கே நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். கடற்பாம்புக்கு இச்சுரப்பி நாக்கின் அடியில் உள்ளது. கடற்காகத்துக்கோ கண்ணுக்கு மேலே இருந்தாலும், உப்புநீர் மூக்குத்துளை வழியே வந்து அலகு நுனியில் சொட்டும்.

எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள்: இரு கண்களிலும் தெளிந்த, சற்றே குழைவான நீர் இருந்தால் அது இயல்பானதே.

இரத்தமோ, ஒரு கண்ணில் மட்டும் வீக்கமோ, கழுத்தில் வலைநூலோ தெரிந்தால் இவ்விளக்கம் போதாது, வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.