பிரேக் வாடை அடித்தாலே கை நடுங்குகிறது

மேடம், வணக்கம்.

எனக்கு 36 வயது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வீட்டுக்காரர் சின்னதாக வெள்ளிப் பட்டறை வைத்திருக்கிறார்; கொலுசு வேலை. போன வருடம் மே மாதம் குடும்பத்தோடு ஏற்காடு போனோம். இறங்கும்போது தம்பிதான் கார் ஓட்டினான். பத்தாவது வளைவு தாண்டியதும் ஏதோ கருகுகிற வாடை. "பிரேக் பிடிக்கலக்கா" என்றான். மலைப் பக்கம் ஒடித்து, பாறையில் உரசி எப்படியோ நிறுத்திவிட்டான். என் பையனுக்கு நெற்றியில் மூன்று தையல். மற்றபடி யாருக்கும் எதுவும் இல்லை.

அப்புறம்தான் எனக்கு ஆரம்பித்தது. பட்டறையில் எது கருகினாலும் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு வியர்த்து எழுந்து, பையன் மூக்குக்குக் கீழே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். மொட்டை மாடியில் நின்றால் மலை தெரியும். அதனால் துணியைக்கூட வீட்டுக்குள்ளேயே காயப்போடுகிறேன். மாமியார் கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு கயிறு கட்டிவிட்டார். நாலு நாள் நன்றாக இருந்தது. "ஒண்ணும்தான் ஆகலையே, இன்னும் என்ன?" என்கிறார்கள். சரிதான். இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும் என்று தம்பியை அவசரப்படுத்தியதே நான்தானே. அவன் இப்போதெல்லாம் வீட்டுக்கு அதிகம் வருவதில்லை. மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிப் போடலாமா?

செவ்வாய்ப்பேட்டை வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

மாத்திரையை முதலில் முடித்துவிடுகிறேன். நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். தூக்க மாத்திரைகளில் பல பழக்கமாகிவிடும், உள்ளே இருக்கும் பயத்தை ஆற்றாது. மனநல மருத்துவர் பார்த்துவிட்டுத் தரும் மருந்துகள் வேறு வகை. தேவை என்று அவர் சொன்னால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

"ஒண்ணும் ஆகலையே" என்பவர்கள் தையலை மட்டும் எண்ணுகிறார்கள். உயிர் போகப்போகிறது என்று உடம்பு நம்பிய அந்தச் சில நொடிகள் போதும், மனம் காயப்பட. இதை பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல்) என்ற பெயரில் ஒரு நோயாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு ஏற்றுக்கொண்டதே 1980-இல்தான். அதற்கு முன்பு, போரிலிருந்து இப்படி நடுங்கித் திரும்பிய வீரர்கள் பலரைக்கூடக் கோழைகள் என்றார்கள். விபத்துக்குப் பிறகு சில வாரம் நடுங்குவது இயல்பு. ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவும் பதற்றமும் தவிர்ப்பும் விடாமல் வாழ்க்கையை முடக்கினால் சிகிச்சை வேண்டும். உங்களுக்கு ஒரு வருடமாகப் போகிறது.

வாடைக்கு வருவோம். மூளையில் அபாய மணி அடிக்கிற பகுதிக்கும் மணத்தை உணர்கிற பகுதிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பட்டறையில் எது கருகினாலும், யோசிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. அந்த நேரத்தில் தரையில் பாதத்தை அழுத்தி, மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். "இது பட்டறை, இன்றைக்கு வியாழக்கிழமை, பையன் ஸ்கூலில் இருக்கிறான்" என்று வாய்விட்டே சொல்லுங்கள். வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு ஒரு வரி. அவசரப்படுத்தியதை எல்லாவற்றுக்கும் கடைசியில், "சரிதான்" என்று ஒப்புக்கொண்ட கையோடு எழுதியிருக்கிறீர்கள். இதைத் தம்பியிடம் சொல்லியிருக்கிறீர்களா? மலை இறங்கும்போது பெரிய கியரில் விட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறும்போது போட்ட சின்ன கியரிலேயே இறங்கச் சொல்வது இதனால்தான். அன்றைக்கு என்ன நடந்தது என்று மெக்கானிக்தான் சொல்ல வேண்டும். ஆனால் "சீக்கிரம் போடா" என்று எல்லா அக்காவும்தான் சொல்கிறார்கள். தம்பியும் இதே கணக்கைத் தன் பக்கமிருந்து போட்டுக்கொண்டிருப்பார், அதனால்தான் வருவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிடுங்கள்.

சிகிச்சைக்கு சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு யாரிடமாவது பேச வேண்டும்போல இருந்தால் 14416, அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. நினைவைப் பாதுகாப்பாகப் பேசவைத்து, தவிர்த்த இடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப்போகும் சிகிச்சை முறைகள் நன்றாகப் பலன் தருகின்றன. இருபது வளைவையும் ஒரே நாளில் ஏற வேண்டாம். கோரிமேடு, அப்புறம் அடிவாரம், அங்கே ஒரு டீ, திரும்பிவிடலாம். இதை மட்டும் ஆலோசகரின் துணையோடு செய்யுங்கள்.

கயிறு இருக்கட்டும், அவிழ்க்க வேண்டாம். நாளைக்குத் துணியை மாடியில் காயப்போடுங்கள். மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும் பரவாயில்லை.