48 கேபி கணினியும் 100 எம்பிபிஎஸ் இணைப்பும்

வீட்டில் 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) வேக இணைய இணைப்பு இருந்தும் இணையப் பக்கங்கள் தயங்கித் திறக்கின்றன, 300க்கு மாறினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஆகாது என்பதே என் கருத்து.

பாளையங்கோட்டையில் என் மேசைமீது ஒரு இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் இருக்கிறது. 1982இல் அறிமுகமான வீட்டுக் கணினி அது. நிரல்கள் பதிந்த ஒலிநாடா கேசட்டிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 1,500 பிட் வீதமே தரவு ஏறுவதால், அதன் 48 கேபி (கிலோபைட்) நினைவகம் நிரம்ப நான்கு நிமிடத்துக்கு மேலாகும். அதுவரை காதைத் துளைக்கும் கீச்சொலியும், திரையோரத்தில் நீலமும் மஞ்சளுமாக ஓடும் கோடுகளும்தான். டேப் ரெக்கார்டரின் ஒலியளவு சற்றுப் பிசகினாலும் கேசட்டை முதலிலிருந்து சுற்ற வேண்டியதுதான். அதே அளவை உங்கள் இணைப்பு ஒரு நொடியின் 250இல் ஒரு பங்கில் இறக்கிவிடும். ஆயினும், பேசிக் என்னும் நிரல்மொழி, ரோம் (ROM) எனும் அழியாத 16 கேபி நினைவகத்திலேயே பதிந்திருப்பதால், மின்சாரம் கொடுத்த சில நொடிகளில் அந்தக் கிழக் கணினி ஆயத்தமாகிவிடுகிறது. என் மடிக்கணினி அப்போதும் முழுதாக விழித்திருக்காது.

கொள்ளளவு வேறு, மறுமொழி நேரம் வேறு. பாபநாசம் அணையில் திறந்த தண்ணீர் நெல்லைக்கு வந்துசேரும் நேரம், ஆற்றை அகலப்படுத்துவதால் குறைந்துவிடாது. ஓர் இணையப் பக்கம் திறக்கப் பல சிறு கோரிக்கைகள் சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டும். தாமதம் அந்தப் போக்குவரத்தில்தான்.

முதலில் ரூட்டருடன் கேபிள் வழியாக மடிக்கணினியை இணைத்துப் பாருங்கள். அப்போது தயக்கம் மறைந்தால், குற்றம் இணைப்பில் இல்லை. வைஃபையில் இருக்கிறது, பெரும்பாலும் அதை மறிக்கும் சுவரில்.